பாலம் மார்க் டின்னும் பதினேழாம் நம்பரும்

திர்சா டாக்ரே செத்துப் போனதற்கு எங்கள் ஊர்ப் பத்திரிகை நாலு வரி ஒதுக்கியது. "புகையிலைக் கம்பெனியில் நாற்பத்தாறு ஆண்டுகள் டின் அடைத்தவர். மணமாகாதவர். வயது எழுபத்தொன்று. மலர்கள் வேண்டாம்." அவ்வளவுதான். அதே பக்கத்தில் சந்தையில் பரிசு வாங்கிய ஒரு செம்மறிக் கிடாவுக்குப் படத்தோடு பதினாறு வரி. படித்ததும் எனக்கு உச்சந்தலை வரை பற்றிக்கொண்டு வந்தது. கிடா என்ன கிழித்துவிட்டது? சரி, அவர்கள் எழுதாவிட்டால் போகட்டும், நான் எழுதுகிறேன். வட இங்கிலாந்துக் கெண்டலில் ஹடில்ஸ்டன் கம்பெனியின் டின் அறையில் அவளுக்குப் பக்கத்து நாற்காலி என்னுடையது. அவள் பதினேழாம் நம்பர், நான் பதினெட்டாம் நம்பர். என் பெயர் ஆக்னஸ் பிர்கெட் என்றாலும் அங்கே என்னை அப்படி யாரும் கூப்பிட்டதில்லை.

முதலில் அவள் கையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எதிரே குவியலாகக் கிடக்கும் புகையிலையில் கையை விட்டு ஒரு பிடி எடுப்பாள். சரியாக இரண்டு அவுன்ஸ் இருக்கும். தராசு பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருக்கும். புதிதாக வந்த மேற்பார்வைக்காரன் ஒருவன், இது ஏதோ பித்தலாட்டம் என்று நினைத்து, அவள் கண்ணைக் கைக்குட்டையால் கட்டி இருபது பிடி எடுக்கச் சொன்னான். இருபது முறையும் முள் இரண்டில் வந்து நின்றது. பத்தொன்பதாவது பிடியில் மட்டும் கொஞ்சம் யோசித்து, ஒரே ஒரு துணுக்கைத் திரும்பக் குவியலில் போட்டாள். அவன் தொப்பியைக் கழற்றிவிட்டான். நான் வருஷக்கணக்காகப் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தும் எனக்கு அந்தக் கை வரவில்லை. பொறாமைதான், மறைப்பானேன்?

நாங்கள் அடைத்தது பாலம் மார்க். மூடியில் எங்கள் ஊர்க் கல் பாலம் படம் போட்டிருக்கும். முதலாளியின் தாத்தா காலத்தில் டின்னே கிடையாது. புகையிலையைக் கயிறு மாதிரி முறுக்கிப் பீப்பாயில் போட்டு அனுப்புவார்கள். கடைக்காரன் வெட்டிக் காகிதத்தில் பொட்டலம் கட்டிக் கொடுப்பான். ஒரு கடையில் ஈரமாக இருக்கும், இன்னொன்றில் தூளாக இருக்கும், மீன் விற்கிற கடையில் மீன் நாறும். பிறகு கப்பல்காரர்கள் நச்சரிக்க ஆரம்பித்தார்கள். இங்கே வாங்கினது பம்பாய் போய்ப் பிரித்தாலும் இதே ருசியில் இருக்க வேண்டும் என்றார்கள். அதற்காக வந்ததுதான் காற்றுப் புகாத டின். அடியில் ஒரு வட்டக் காகிதம், சுற்றி ஒரு காகிதம், புகையிலை, மேலே சீட்டு, அதன்மேல் இன்னொரு வட்டக் காகிதம். பிறகு மெஷின் உள்ளே இருக்கிற காற்றை உறிஞ்சிவிட்டு மூடியை அழுத்தும். விளிம்பில் ஒரு காசைச் செருகித் திருப்பினால்தான் அப்புறம் திறக்கும்.

அந்த டின்னுக்குள் என்னவெல்லாம் இருக்கிறது என்று யோசித்தால் எனக்கு இன்றைக்கும் புல்லரிக்கும். வர்ஜீனியாவின் மஞ்சள் இலை. மாசிடோனியா மலைச் சரிவில் வளர்ந்த, உள்ளங்கை அகலம்கூட இல்லாத சின்ன இலை. சிரியாவில் மாதக்கணக்கில் விறகுப் புகையில் தொங்கிக் கறுத்த இலை. லூசியானாவில் பீப்பாய்க்குள் தன் சாற்றிலேயே ஒரு வருஷம் நசுங்கிக் கிடந்த இலை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காத, ஒருவர் பேச்சு ஒருவருக்குப் புரியாத ஜனங்கள் எங்கெங்கோ பாடுபட்டு வளர்த்தது, கடைசியில் எங்கள் மேஜையில் வந்து கூடி, திர்சாவின் பிடிக்குள் இரண்டு அவுன்ஸாக அடங்கும். அம்மாடி!

சீட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். "இந்த டின்னை அடைத்தவர் எண் 17. குறை ஏதும் இருந்தால் இந்தச் சீட்டோடு டின்னைத் திருப்பி அனுப்பவும்" என்று அதில் அச்சடித்திருக்கும். திரும்பி வரும் டின்களுக்கு என்று ஒரு பதிவேடு உண்டு. அதில் என் நம்பர் பதினோரு தடவை இருக்கிறது. ஒரு தடவை என் தலைமுடி. பதினேழு மட்டும் ஒரு தடவைகூட இல்லை. சுற்றிப் பார்க்க விருந்தாளிகள் வந்தால் முதலாளி அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டு, "ஒரு டின்கூடத் திரும்பி வராத கை!" என்று பெருமை அடித்துக்கொள்வார். சில வருஷங்களாக, அவர் அதைச் சொன்னால் போதும், அவள் எழுந்து கை கழுவப் போய்விடுவாள். தலைக்கனம் என்று நாங்கள் நினைத்தோம்.

சீட்டில் எழுதக் கூடாது என்பது கம்பெனியின் கண்டிப்பான சட்டம். எனக்கு முன்னால் இருந்த ஒருத்தி, தன் பெயரையும் விலாசத்தையும் எழுதிப் போட்டு ஹல் துறைமுகத்தில் ஒரு புருஷனைப் பிடித்துவிட்டாள். அவனுக்கு ஏற்கெனவே ஒரு பெண்டாட்டி இருந்தாள், அவள் நேரே கம்பெனி வாசலுக்கு வந்து கத்தினாள். அதிலிருந்து யாராவது சீட்டில் பென்சிலை வைத்தால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். யுத்தம் வந்ததும் தகரம் எல்லாம் குண்டு செய்யப் போய்விட்டது. நாங்கள் மெழுகுக் காகிதத்தில் பொட்டலம் கட்டினோம். யுத்தம் முடிந்து சில வருஷம் கழித்துத்தான் டின் திரும்பி வந்தது. அதே படம், அதே அளவு. கலவை மாஸ்டர் ஐசக் ரெல்ஃபும் அதே ஆள்தான். மூக்குக்குக் கேடு என்று வெங்காயத்தையே தொடாத மனுஷன். இலையும் பழையபடி கிடைத்தது, அளவும் அதே நோட்டுப் புத்தகத்தில் இருந்த அளவு. ஆனால் கடிதங்கள் வந்து குவிந்தன. "இது பாலம் இல்லை." "உங்கள் மாஸ்டர் செத்துவிட்டாரா?" ஹல்லில் இருந்த ஓய்வுபெற்ற கப்பல் கேப்டன் ஒருவர், "டின்னில் பாலம் படம் மட்டும்தான் இருக்கிறது" என்று எழுதினார்.

ரெல்ஃப் அந்தக் குளிர்காலத்தில் பாதி ஆளாகிவிட்டார். கூட்டிப் பார்த்தார், குறைத்துப் பார்த்தார். ஒன்றும் சரிப்படவில்லை. முதலாளி ஹடில்ஸ்டன் எங்களை வரிசையாக நிற்க வைத்துச் சொன்னார்.

"ஈஸ்டர் வரைக்கும் பார்ப்பேன். அதுக்குள்ள சரியாகலேன்னா பாலம் மார்க்கை நிறுத்தறதைத் தவிர வேற வழி இல்ல. அது இல்லேன்னா இந்த அறைக்கும் வேலை இல்ல. மன்னிச்சுக்கோங்கம்மா."

யுத்தத்துக்குப் பிறகு டின் அறையில் மிஞ்சியிருந்தது நாங்கள் பதினொரு பேர். எனக்கு இரண்டு குழந்தைகள், சுரங்கத்தில் முதுகு போன புருஷன்.

அன்று ரெல்ஃப் புலம்பினது என் காதில் விழுந்தது. "யுத்தத்துக்கு முன்னாடி அடைச்ச டின் ஒண்ணே ஒண்ணு கிடைச்சாப் போதும். முகர்ந்து பார்த்தா எங்க தப்புன்னு சொல்லிடுவேன். இல்ல, என் மூக்கே போயிடுச்சான்னாவது தெரிஞ்சிடும்." பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தார்கள். ஏழெட்டு டின் வந்தது. ஒன்றில் ஆணி, ஒன்றில் பித்தான், மற்றதெல்லாம் துருப்பிடித்துக் காற்று புகுந்து சருகாகிப் போனவை.

எனக்கு ஒரு டின் ஞாபகம் வந்தது. இரண்டு குளிர்காலம் முன்பு திர்சா காய்ச்சலில் கிடந்தபோது சூப் எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். கணப்புக்கு மேலே மாடத்தில் ஒரு பழைய பாலம் டின் இருந்தது. தூசி தட்டுகிற சாக்கில் கையில் எடுத்தேன். "வை அதை, வெறும் டின்" என்றாள். வெறும் டின்னா? எனக்கு அவள் கை இல்லைதான், ஆனால் வெறும் டின்னுக்கும் நிறைந்த டின்னுக்கும் வித்தியாசம் தெரியாத அளவுக்கு நான் மோசம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் நேரே அவள் வீட்டுக் கதவைத் தட்டினேன்.

"திர்சாக்கா, அந்த டின்னைக் குடு."

"எந்த டின்?"

"என் வாயைக் கிளறாதே. மாடத்துல இருக்கற டின். பதினொரு குடும்பம் தெருவுல நிக்கப் போகுது, நீ அதை வெச்சு அழகு பாக்கறியா?"

"அது குடுக்கற டின் இல்லடி."

"ஏன், அதுல என்ன தங்கமா இருக்கு? நீ நல்லா இருப்பே, தனிக்கட்டை! என் பிள்ளைங்களுக்கு நீயா வந்து ரொட்டி போடுவே?"

சொன்ன பிறகுதான் என் வாய்க்கு ஒரு போடு போட வேண்டும் என்று தோன்றியது. அவள் கோபப்படவில்லை. கெட்டிலை அடுப்பில் வைத்துவிட்டு, நாற்காலியைக் காட்டி என்னை உட்காரச் சொன்னாள்.

அது லான்ஸ் ஃபாசெட்டின் டின் என்றாள். அவனை எனக்கும் தெரியும். செட்பெர்க் பக்கத்துப் பால் லாரி ஓட்டுகிறவன், சிரித்தால் கடைவாய் வரை தெரியும். அவனுக்கும் இவளுக்கும் பேச்சு உண்டு என்பதும் தெரியும், அதற்கு மேல் தெரியாது. அவன் பட்டாளத்துக்குப் போவதற்கு முன்னால் கட்டிக்கொள்கிறாயா என்று கேட்டிருக்கிறான். "யோசிச்சுச் சொல்றேன்" என்று இவள் இழுத்திருக்கிறாள். நேரில் சொல்ல வெட்கம். முப்பத்திரண்டு வயதில் என்ன வெட்கமோ! அந்த வாரம்தான் தகரம் தீர்ந்து கடைசி டின்கள் மெஷினுக்குப் போய்க்கொண்டிருந்தன. ஒரு சீட்டின் பின்பக்கம் பென்சிலால் பதிலை எழுதி உள்ளே வைத்து அடைத்துவிட்டாள். யார்? சட்டம் என்றால் சட்டம் என்று எங்களை எல்லாம் அதட்டுகிற திர்சா! மற்ற டின்களோடு அதுவும் இரண்டு வாரம் கிடந்தது. லாரியில் ஏற்றும்போது காசு கொடுத்து அதைத் தனியாக வாங்கிக்கொண்டு, ரயிலடியில் அவன் கையில் கொடுத்தாள்.

"உள்ள சீட்டு இருக்குன்னு சொன்னியா?"

"சொல்லல. 'நல்லாப் புகை'ன்னேன். எந்த ஆம்பிளையா இருந்தாலும் ரயில் லங்காஸ்டர் தாண்டறதுக்குள்ள திறந்துடுவான்னு நினைச்சேன்."

"திறக்கலையா?"

"எகிப்துலேர்ந்து லெட்டர் போட்டான். 'இங்க தர்றது சாணி மாதிரி இருக்கு. உன் டின்னைப் பத்திரமா வெச்சிருக்கேன், ஊருக்கு வர்ற அன்னைக்குத்தான் திறப்பேன். எல்லாப் பயலும் பொறாமையில சாவறானுங்க.' எனக்கு வந்த ஆத்திரத்துல உடனே எழுதினேன். 'அட முட்டாளே, இப்பவே திறடா'ன்னு."

அந்தக் கடிதம் போய்ச் சேரும் முன்பே அவன் கெய்ரோ ஆஸ்பத்திரியில் விஷக் காய்ச்சலில் போய்விட்டான். அவன் சாமான்கள் அவன் அம்மாவுக்கு வந்தன. டின்னும், பிரிக்காத அந்தக் கடிதமும் ஒரே பொட்டலத்தில் இருந்தன. அந்த அம்மா, "இது உங்க கம்பெனிச் சரக்கு, நீயே வெச்சுக்கோ" என்று இவளிடம் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள்.

"என்ன எழுதினே அக்கா? சரின்னா, மாட்டேன்னா?"

"அது அவனுக்கு எழுதினது."

"அவன்தான் இல்லியே. நீ எழுதினது உனக்குத் தெரியும். திறந்தா என்ன குறைஞ்சிடும்?"

அவள் கெட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தாள். "மூடியே இருக்கற வரைக்கும், என்னைக்காவது வந்து திறப்பான்னு ஒரு கிறுக்கு நினைப்பு எனக்கு. சிரிக்காதே."

எனக்கு எங்கே சிரிப்பு வந்தது? அழுகையை அடக்கிக்கொண்டு டீயைக் குடித்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். யாரிடமும் மூச்சுவிடவில்லை. வேலை போனால் போகட்டும் என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தேன். மறு நிமிஷம் பிள்ளைகள் பசி என்று வந்து நின்றார்கள்.

வியாழக்கிழமை காலை திர்சா கோட்டைக் கழற்றிவிட்டு, பையிலிருந்து டின்னை எடுத்து மேஜையில் வைத்தாள். "ரெல்ஃப் ஐயாவைக் கூப்பிடுங்க" என்றாள். ஓடிப்போய்க் கூட்டிவந்தோம். அவர் டின்னைப் பார்த்ததும் தொடவே பயந்தார். திருப்பித் திருப்பி விளிம்பைத் தடவிப் பார்த்தார்.

"உள்ள காத்துப் புகலம்மா. ஒரு பொட்டுத் துரு இல்ல. எங்க வெச்சிருந்தே இத்தனை நாள்?"

"திறங்க ஐயா."

"நீயே திற. உன் டின்னு."

"என் கை ஆடுது" என்றாள். இருபத்தேழு வருஷத்தில் அந்தக் கை ஆடி நான் பார்த்ததில்லை.

ரெல்ஃப் சட்டைப் பையிலிருந்து ஒரு பென்னியை எடுத்துச் செருகித் திருப்பினார். 'ஸ்ஸ்' என்று ஒரு சத்தம். தூங்குகிற குழந்தை மூச்சு இழுக்கிற மாதிரி, அவ்வளவு சின்னச் சத்தம். பிறகு அந்த வாசனை வந்தது.

கர்த்தரே, அதை நான் எப்படிச் சொல்வேன்! உலர்ந்த அத்திப்பழம், புது ரொட்டி, மழையில் நனைந்த குதிரைச் சேணம், எங்கோ தூரத்தில் எரியும் விறகு, எல்லாம் சேர்ந்து ஒரே வாசனையாக எழுந்து வந்து அறையை நிறைத்தது. எட்டு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஒரு உலக யுத்தம் வந்து போய்விட்டது. ஊரில் பாதிப் பையன்களைக் காணோம், எனக்கே தலை நரைத்துவிட்டது. அந்த டின்னுக்குள் மட்டும் எல்லாம் அப்படியே இருந்திருக்கிறது. அப்படியேகூட இல்லை, இன்னும் கனிந்திருந்தது. வாசலில் பெட்டி தூக்கி வந்த இரண்டு பேர் பெட்டியை இறக்கக்கூட மறந்து நின்றார்கள்.

ரெல்ஃபுக்குக் கண்ணீர் மீசை வழியாக ஓடியது. "என் மூக்கு இருக்கு" என்றார். "இதுதான் பாலம். என் மூக்கு இருக்கும்மா, போகல."

யாரோ ஒருத்தி திணறிப்போய் ஜன்னலைத் திறக்கப் போனாள். "தொடாதேடி அதை!" என்று திர்சா அதட்டினாள். அவள் போட்ட அதட்டலில் அந்தப் பெண் கையைப் படக்கென்று எடுத்துக்கொண்டாள்.

மேல் காகிதத்தை எடுத்ததும் சீட்டு இருந்தது. ரெல்ஃப் வழக்கம்போல நம்பரைச் சத்தமாக வாசித்தார். "பதினேழு." பின்பக்கம் திருப்பினார். முகம் மாறிவிட்டது. சீட்டை அவளிடம் நீட்டினார்.

அவள் வாங்கவில்லை. "சத்தமாப் படிங்க ஐயா. அவன் படிக்கல. யாராவது படிக்கட்டும்."

அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார்.

"சரி லான்ஸ், கட்டிக்கிறேன். ஆனா உங்க அம்மாவோட கோழி ஒண்ணுகூட நம்ம அடுப்படிக்குள்ள வரக் கூடாது. இப்பவே சொல்லிட்டேன்."

யாரும் சிரிக்கவில்லை. திர்சாதான் முதலில் சிரித்தாள். "அந்தக் கிழவி வீட்டுல கோழி சாப்பாட்டு மேஜை மேலயே நடக்கும்டி" என்றாள். அப்புறம் நாங்கள் எல்லோரும் சிரித்தோம், அழுதோம், எது எப்போது என்று தெரியவில்லை. சீட்டில் எழுதின குற்றத்தைப் பற்றி மேற்பார்வைக்காரன் மூச்சு காட்டவில்லை.

ரெல்ஃப் புகையிலையை ஒரு வெள்ளைத் தாளில் கொட்டி இழை இழையாகப் பிரித்துப் பார்த்தார். "இலை அதேதான். அளவும் அதேதான். ஆனா கறுத்திருக்கு, ஒண்ணோட ஒண்ணு ஒட்டியிருக்கு. எப்படி?" என்று தலையைச் சொறிந்தார். நான்தான் டின்னின் அடியில் இருந்த வட்டக் காகிதத்தை உரித்தேன். அதில் ரொட்டி வாட்டினால் விழுகிற மாதிரி இரண்டு பழுப்புக் கோடுகள், விரல் அகலத்துக்கு, பக்கத்தில் பக்கத்தில் இருந்தன.

"இதென்ன கோடு?"

திர்சா எட்டிப் பார்த்தாள். "நீராவிக் குழாய்" என்றாள். "பழைய அலமாரி."

அப்போதுதான் எங்கள் எல்லோருக்கும் உறைத்தது. யுத்தத்துக்கு முன்னால் லாரி இரண்டு வாரத்துக்கு ஒரு தடவைதான் வரும். இடம் இல்லாததால் அடைத்த டின்களை நீராவிக் குழாய்கள் மேல் இருந்த கம்பி அலமாரியில் அடுக்கி வைப்போம். இரண்டு வாரமும் ராப்பகலாக அடியில் இளஞ்சூடு இருக்கும். யுத்தத்தில் மெழுகுக் காகிதம் உருகிவிடும் என்று அந்த அலமாரியைப் பிடுங்கிப் போட்டார்கள். பிறகு டின் திரும்பி வந்தபோது வடக்குச் சுவர் ஓரம் குளிர்ச்சியாகப் புது அலமாரி அடித்தார்கள், லாரியும் தினமும் வந்தது. ரெல்ஃபின் நோட்டில் எல்லாம் இருந்தது, அந்த அலமாரி மட்டும் இல்லை. அது வேலையில் சேர்த்தி என்று யாருக்குத் தெரியும்? மூன்று கண்டத்து இலையைக் கூட்டி வைத்து, கடைசியில் இடம் இல்லாத கொடுமைக்கு நாங்கள் செய்த ஒரு காரியம்தான் அதைப் பாலம் ஆக்கியிருக்கிறது. ரெல்ஃப் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். "நாற்பது வருஷமா நான்தான் செய்யறேன்னு நினைச்சேன்" என்றார்.

அலமாரி அடுத்த வாரமே பழைய இடத்துக்கு வந்தது, ஈஸ்டருக்கு முன்னால் ஹல் கேப்டன் "மறுபடியும் பாலத்தின் மேல் நிற்கிறேன்" என்று எழுதினார், எங்களில் ஒருத்திக்கும் வேலை போகவில்லை. அதெல்லாம் பிறகு நடந்தது. அன்றைக்கு நடந்ததில் இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கிறது.

திர்சா அந்தப் புகையிலையில் ஒரு பிடி எடுத்து ரெல்ஃபிடம் நீட்டினாள். "பைப்பில போட்டுப் பத்த வைங்க ஐயா. புகைக்கத்தானே அடைச்சேன்." அவர் மறுத்துப் பார்த்தார், அவள் விடவில்லை. அவர் மேஜை ஓரமாக நின்று மெதுவாகப் புகைத்தார். அவள் நாற்காலியில் கைகளை மடியில் வைத்து உட்கார்ந்து, புகை மேலே போவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த நேரம் பார்த்து முதலாளி ஓடி வந்தார். யாரோ சேதி சொல்லியிருக்கிறார்கள், ஆனால் திர்சாவின் பழைய டின்னையும் அலமாரியையும் பற்றி மட்டும் சொல்லியிருக்கிறார்கள், சீட்டைப் பற்றி இல்லை. சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை அவருக்கு. வழக்கம்போல அவள் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

"பார்த்தீங்களா? பதினேழாம் நம்பர்! நான் எப்பவும் சொல்வேனே, இத்தனை வருஷத்துல ஒரு டின்கூடத் திரும்பி வராத கை!"

நாங்கள் எல்லோரும் தரையைப் பார்த்தோம். திர்சா இந்தத் தடவை கை கழுவ எழுந்து போகவில்லை. சீட்டை எடுத்து ஏப்ரன் பையில் வைத்துக்கொண்டாள்.

"ஒண்ணு வந்துச்சுங்க ஐயா" என்றாள்.

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, குவியலில் கையை விட்டு, அன்றைய வேலையை ஆரம்பித்தாள். நாங்களும் எங்கள் இடத்தில் உட்கார்ந்தோம். சாயங்காலம் சங்கு ஊதும் வரை ஒருத்தியும் ஜன்னலைத் திறக்கவில்லை.